அணு உலையின் கணக்கப்பிள்ளை



மேட்டூர் அணையிலிருந்து ஜூன் மாதம் 12-ஆம் நாள் தண்ணீர் திறந்துவிடுவது நெடுநாளைய வழக்கம். மழை பொய்த்த ஆண்டுகளில் அந்த நாள் தவறிப் போவதும் உண்டு. திறந்துவிட்ட தண்ணீர் சில நாட்களில் கல்லணையை வந்தடைகிறது. அங்கே அது காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்காகப் பிரிகின்றது. தஞ்சை நகரத்தார் கல்லணைக் கால்வாயைப் புது ஆறு என்றே வழங்குவர். இவற்றிலிருந்து கிளைக்கும் வாய்க்கால்களுக்கும் கன்னிகளுக்கும் கணக்கில்லை. எந்த மதகை எத்தனை அங்குலம் உயர்த்துவது, எந்த வாய்க்காலுக்கு இன்று முறை, வழியில் மணல் குடித்தது போகக் கடைமடைக்கு எவ்வளவு மிஞ்சும் என்பவற்றைக் கணக்கிடுபவர் ஒருவர். அக்கணக்கின்படி மதகைத் திருகித் திறப்பவர் லஸ்கர். கணக்குப் பிசகினால் தலைமடையில் வயல் மூழ்கும். கடைமடையில் நாற்று காயும்.

நான் பல ஆண்டுகள் தஞ்சை நாட்டுக் கல்லூரி ஒன்றில் பௌதிகம் கற்பித்தவன். அணு உலையில் பௌதிக அறிஞருக்கு என்ன வேலை என்று மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் இந்தக் கல்லணையைத்தான் முதலில் காட்டுவேன். அணு உலைக்குள்ளும் ஒரு பாசனம் நடக்கின்றது. அங்கே ஓடுவது தண்ணீரன்று, நியூட்ரான். எவ்வளவு பிறந்தது, எவ்வளவு வழியில் உறிஞ்சப்பட்டது, எவ்வளவு வெளியே கசிந்தது, அடுத்த முறைக்கு எவ்வளவு மிஞ்சிற்று என்று ஓயாமல் கணக்குப் பார்ப்பவரே அணு உலைப் பௌதிகர். பம்புகளை ஓட்டுபவர் வேறு. குழாய்களின் உலோகத்தைச் சோதிப்பவர் வேறு. தண்ணீரின் தூய்மையைக் காக்கும் ரசாயனர் வேறு. இவர் கணக்கப்பிள்ளை.

சில ஆண்டுகளுக்கு முன் பட்டம் பெற்ற மாணவன் ஒருவன் தன் தந்தையுடன் என் வீட்டுக்கு வந்தான். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கடலோரக் கிராமத்தவர்கள். பையனுக்குக் கல்பாக்கம் செல்ல ஆசை. தந்தை நிலத்தில் உழைத்துப் பழகியவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். “வாத்தியார் ஐயா, அங்கே இவன் என்னதான் செய்வான்? அந்த உலையும் கடலோரத்தில்தானே இருக்கிறது? அலை வந்த அன்றைக்கு அது என்ன ஆயிற்று?” என்று அடுக்கடுக்காகக் கேட்டார். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டது. அந்த நாளைக் கண்ணால் கண்டவர் கேட்கும் கேள்விக்கு மழுப்பலாக விடை சொல்லக் கூடாது. அன்று அவருக்குச் சொன்னவற்றையே சற்று விரிவாக உங்களுக்கும் சொல்கிறேன்.

யுரேனியம் 235 என்னும் அணுவின் கருவை நியூட்ரான் ஒன்று சென்று தாக்கினால் கரு இரண்டாகப் பிளக்கிறது. 1938-ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மனியில் ஆட்டோ ஹானும் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் ரசாயனச் சோதனையில் இதற்குச் சான்று கண்டனர். லீஸ் மைட்னரும் ஆட்டோ ஃபிரிஷும் அதன் பொருளை விளக்கினர். பிளவில் வெப்பம் பிறக்கிறது. அதனுடன் சராசரியாக 2.4 நியூட்ரான்களும் வெளிப்படுகின்றன. ஒன்றைக் கொடுத்து இரண்டுக்கு மேல் பெறுகிறோம். அவற்றுள் ஒன்று மட்டும் தவறாமல் மற்றோர் அணுவைப் பிளந்தால் போதும், நெருப்பு அணையாது. எஞ்சியவை எங்கேனும் தொலையலாம், தொலையத்தான் வேண்டும்.

அறுத்த நெல்லில் விதைக்கென்று எடுத்து வைப்பதை எண்ணிப் பாருங்கள். ஒரு போகத்தில் ஆயிரம் விதை விதைத்து, அடுத்த போகத்துக்கும் ஆயிரமே விதையாக மிஞ்சினால் சாகுபடி ஒரே அளவில் நடக்கும். தொள்ளாயிரத்துத் தொண்ணூறு மிஞ்சினால் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கும். ஆயிரத்தொன்று மிஞ்சினால் பெருகும். ஒரு தலைமுறை நியூட்ரான்களுக்கும் அதற்கு முந்திய தலைமுறைக்கும் உள்ள இந்த விகிதத்தைப் பெருக்கெண் என்பர். அது சரியாக ஒன்றாக நிற்கும் நிலைக்கு மாறுநிலை என்று பெயர். பத்திரிகைகளில் “உலை மாறுநிலையை எட்டியது” என்று படித்து, ஏதோ அபாயம் நேர்ந்துவிட்டதாக எண்ணுவோர் பலர். உண்மை நேர்மாறானது. வரவும் செலவும் ஒத்துவிட்டன, உலை தன் காலில் நிற்கிறது என்பதே அதன் பொருள்.

இனிக் கல்பாக்கத்துக்கு வருவோம். சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டரில், மாமல்லபுரத்தைக் கடந்தால், சதுரங்கப்பட்டினத்தை ஒட்டியுள்ள கடற்கரை அது. சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983 ஜூலை 2-ஆம் நாளிலும், இரண்டாம் உலை 1985 ஆகஸ்ட் 12-ஆம் நாளிலும் மாறுநிலையை எட்டின. இரண்டும் இயற்கை யுரேனியத்தில் இயங்குமாறு அமைக்கப்பட்டவை. இயற்கை யுரேனியத்தில் ஆயிரம் அணுக்களை எடுத்தால் பிளக்கத்தக்க 235 என்னும் வகை ஏழே ஏழு, மற்றவை 238. இவ்வளவு ஏழ்மையான எரிபொருளைக் கொண்டு தொடர்வினையை நடத்த வேண்டுமானால் நியூட்ரான் ஒன்றைக்கூட வீணாக்க முடியாது. நியூட்ரானின் வேகத்தைத் தணித்தால் அது எளிதில் பிளவை உண்டாக்கும். தணிக்கச் சாதாரணத் தண்ணீரை வைத்தாலோ, அதிலுள்ள ஹைட்ரஜன் பல நியூட்ரான்களை விழுங்கிவிடும், கணக்கு ஒன்றை எட்டாது. ஆகவேதான் விலை மிகுந்த கனநீரைத் தேட வேண்டியதாயிற்று. கனநீர் தணிக்கும், விழுங்குவது மிகக் குறைவு. மணற்பாங்கான வாய்க்காலுக்கும் களிமண் வாய்க்காலுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இந்த உலையின் உடல் ஒரு பெரிய உருளைத் தொட்டி. படுக்கை வசமாக 306 குழாய்கள் அதனூடே செல்கின்றன. ஒவ்வொரு குழாயிலும் பன்னிரண்டு எரிபொருள் கட்டுகள். ஒவ்வொரு கட்டும் அரை மீட்டர் நீளம். ஆக மொத்தம் 3,672 கட்டுகள். எரிபொருள் மாற்றுவதற்காக உலையை நிறுத்துவதில்லை. இரண்டு முனைகளிலும் இரண்டு யந்திரங்கள் வந்து பொருந்தி, ஒருபுறம் புதிய கட்டுகளைத் தள்ள, மறுபுறம் பழையவை வெளியேறும். முழுத் திறனில் ஓடினால் ஏறக்குறைய நாளுக்கு ஒரு குழாய் என்ற அளவில் இது நடக்க வேண்டும்.

இன்றைக்கு எந்தக் குழாய்? இந்த ஒரு வினாவுக்கு விடை சொல்வதுதான் நிலையத்தில் உள்ள பௌதிகரின் அன்றாட வேலையில் பெரும்பகுதி. நான் அந்நிலையத்தில் பணியாற்றியவனல்லன். ஆயினும் என்னிடம் படித்தவர் சிலர் வாயிலாகவும், அவர்கள் படித்த நூல்கள் வாயிலாகவும் இதை ஓரளவு அறிவேன். நடுவிலுள்ள குழாய்களில் நியூட்ரான் நெருக்கம் மிகுதி. எரிபொருள் விரைவில் தேயும். ஓரத்தில் உள்ளவை மெதுவாகத் தேயும். தேய்ந்ததை மாற்றினால் அந்த இடத்தில் திறன் உயரும். அடுத்தடுத்த இரண்டு குழாய்களை ஒரே சமயத்தில் புதுப்பித்தால் அங்கே வெப்பம் அளவு மீறும். ஒரு பக்கத்தையே கவனித்துக்கொண்டிருந்தால் உலை அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். பக்கத்துக் குழாய்களில் எரிபொருளை எதிரெதிர்த் திசைகளிலிருந்து தள்ளுவதும் இந்தச் சமன்பாட்டுக்காகவே. நம்மூர் முறைப்பாசனத்தில் தலைமடைக்காரனும் கடைமடைக்காரனும் மண்வெட்டியோடு வாய்க்கால் கரையில் நிற்பார்கள். இங்கே 306 பேர் நிற்கிறார்கள். யாரும் வாய் திறந்து கேட்பதில்லை. அளவுமானிகள் காட்டும் எண்களிலிருந்து அவர்களுடைய பசியைப் பௌதிகர்தாம் படித்தறிய வேண்டும்.

இன்னொரு வரவையும் அவர் மறக்கக் கூடாது. 238 வகை யுரேனியம் நியூட்ரானை விழுங்கிப் புளூட்டோனியமாக மாறுகிறது. அந்தப் புளூட்டோனியமும் பிளக்கிறது. பழைய கட்டில் பிறக்கும் வெப்பத்தில் பெரும் பங்கு இப்படி உள்ளேயே விளைந்த புளூட்டோனியத்தினுடையது. விதைத்தது ஒன்று, அறுத்தது இரண்டு.

அந்தப் பழைய உலைகளை அவசரமாக நிறுத்தும் முறையும் நமக்குப் புரியக்கூடியதே. தொட்டியிலுள்ள கனநீரை ஹீலியம் வாயுவின் அழுத்தம் தாங்கி நிறுத்துகிறது. வால்வுகள் திறந்து அழுத்தம் சமமானால், கனநீர் தன் எடையினாலேயே கீழுள்ள தொட்டிக்கு வடிந்துவிடும். தணிப்பான் இல்லையேல் தொடர்வினை இல்லை. வடிகாலைத் திறந்து வயலை வெட்டவெளியாக்குவது போலத்தான். இதற்கு மின்சாரம் தேவையில்லை, பூமியின் ஈர்ப்பு போதும். பின்னர் நம் நாட்டில் கட்டிய இவ்வகை உலைகளில் இதைவிட விரைவான வேறு முறைகளைக் கைக்கொண்டார்கள்.

இதுவரை சொன்னதைக் கேட்ட அந்த மாணவன் ஒரு நல்ல ஐயத்தை எழுப்பினான். “ஐயா, ஒரு நியூட்ரானின் வாழ்நாள் இவ்வகை உலையில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு நொடி என்று படித்தேன். பெருக்கெண் 1.001 ஆகிவிட்டால் ஒரு நொடியில் ஆயிரம் தலைமுறை அல்லவா? அதற்குள் கழியை யார் இறக்குவது?” என்றான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் தலைமுறையில் 2.7 மடங்கு; பத்து நொடியில் இருபத்திரண்டாயிரம் மடங்கு. இது மட்டுமே உண்மையானால் அணு உலை என்று ஒன்றை உலகில் யாரும் நடத்தியிருக்க முடியாது.

உண்மையில் எல்லா நியூட்ரான்களும் பிளவு நேர்ந்த கணத்திலேயே பிறப்பதில்லை. யுரேனியம் 235-இல் நூற்றுக்கு ஏறத்தாழ 0.65 பங்கு பின்தங்கிப் பிறக்கிறது. பிளந்த துண்டுகளில் சில, ஒரு நொடிக்குள்ளிருந்து ஒரு நிமிடத்துக்கு மேலும்கூடக் காத்திருந்து, அதன் பிறகே தம் நியூட்ரானை வெளியிடுகின்றன. இதனை அமெரிக்காவில் 1939-ஆம் ஆண்டிலேயே கண்டுபிடித்தனர்; அணு உலை ஒன்று கட்டப்படுவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே என்பதைக் கவனியுங்கள். முன்பு தஞ்சை வயல்களில் குறுவை விதையையும் ஒட்டடையானையும் கலந்து விதைக்கும் வழக்கம் இருந்தது. குறுவை நூற்றுச் சொச்சம் நாளில் அறுவடையாகிவிடும். ஒட்டடையான் அதே வயலில் நின்று பல மாதம் கழித்துத்தான் கதிர் தரும். மொத்த விதைக் கணக்கு முடிய வேண்டுமானால் ஒட்டடையானுக்காகக் காத்திருக்க வேண்டும். உலையிலும் அப்படியே. உடன்பிறக்கும் நியூட்ரான்கள் மட்டும் பெருக்கெண்ணை ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக வைத்திருக்க, அந்தக் குறையைப் பின்தங்கியவை வந்து நிரப்புமாறு உலையை நடத்தினால், திறன் நிதானமாகவே மாறும். பெருக்கெண் 1.001 என்ற அதே நிலையில், பத்து நொடியில் இருபத்திரண்டாயிரம் மடங்கு எங்கே, இரண்டு மடங்கைக்கூட எட்டாதது எங்கே! கழியை இறக்க நேரம் இருக்கிறது. மனிதன் அணு உலையை ஆள்வது இந்த ஒரு சதவீதத்துக்கும் குறைவான சிறு பங்கினால்தான். கணக்கப்பிள்ளை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காக்கும் எல்லை இது. அதைத் தாண்டி, உடன்பிறப்பவை மட்டுமே பெருக்கெண்ணை ஒன்றாக்கும் நிலைக்கு உலை எக்காலத்தும் போகக் கூடாது.

புளூட்டோனியத்தில் இந்தப் பங்கு இன்னும் குறைவு. நூற்றுக்கு ஏறத்தாழ 0.21. அதாவது காவலுக்கு நிற்கும் ஒட்டடையான் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆகவே புளூட்டோனியத்தை எரிக்கும் வேக உலையில் கணக்கப்பிள்ளையின் பேனா இன்னும் கூர்மையாக இருக்க வேண்டும்.

அத்தகைய உலை ஒன்றும் கல்பாக்கத்தில் உண்டு. 1971-இல் அங்கே உலை ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. இன்று அதன் பெயர் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம். அங்குள்ள வேக ஈனுலைச் சோதனை உலை பிரான்சு நாட்டின் ராப்ஸோடி என்னும் உலையை முன்மாதிரியாகக் கொண்டது. அதற்கு வேண்டிய செறிவூட்டிய யுரேனியம் வெளியிலிருந்து வருவதாக இருந்தது. 1974-இல் பொக்ரான் சோதனைக்குப் பின் அந்த வழி அடைபட்டது. கட்டடம் எழும்பிக்கொண்டிருக்க, உள்ளே வைக்கும் எரிபொருளே மாற வேண்டிய நிலை. நம்மவர் புளூட்டோனியக் கார்பைடும் யுரேனியக் கார்பைடும் எழுபதுக்கு முப்பது என்ற விகிதத்தில் கலந்த எரிபொருளை உருவாக்கினர். வேறெங்கும் ஓர் உலை முழுவதற்கும் முதன்மை எரிபொருளாகப் பயன்படாத பொருள் அது. பார்த்து எழுதுவதற்குப் பக்கத்து வீட்டு ஏடு இல்லை. எத்தனை கட்டு வைத்தால் பெருக்கெண் ஒன்றாகும், கழி ஒவ்வொன்றும் எவ்வளவு விழுங்கும், சூடு ஏறினால் பெருக்கெண் ஏறுமா இறங்குமா என்பவற்றையெல்லாம் பௌதிகர்கள் புதிதாகக் கணக்கிட்டனர்.

கணக்கு சரிதானா என்று சோதிக்கும் முறை மிகவும் எளிமையானது, எனக்குப் பிடித்ததும்கூட. உலைக்குள் நியூட்ரான் ஊற்று ஒன்றை வைத்துவிட்டு, எரிபொருள் கட்டுகளைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் எண்ணிக் கருவி எத்தனை நியூட்ரான் காட்டுகிறது என்று குறித்துக்கொள்வார்கள். மாறுநிலையை நெருங்க நெருங்க அந்த எண் ஏறிக்கொண்டே போகும். மாறுநிலையில் முடிவிலியை நோக்கி ஓடும். முடிவிலியைத் தாளில் வரைய முடியாதே! ஆகையால் அந்த எண்ணின் தலைகீழியை வரைவார்கள். அந்தக் கோடு இறங்கிக்கொண்டே வந்து, அடிக்கோட்டை எங்கே தொடும் என்று முன்கூட்டியே காட்டிவிடும். அடுத்த கட்டு வைக்கும் முன் கோட்டைப் பார். கோடு அனுமதித்தால்தான் கையை வை. வரைதாளும் பென்சிலும் போதுமான வேலை. 1942 டிசம்பர் 2-ஆம் நாள் சிகாகோவில் என்ரிக்கோ ஃபெர்மி உலகின் முதல் உலையை இயக்கியபோதும், 1956 ஆகஸ்ட் 4-ஆம் நாள் டிராம்பேயில் நம் நாட்டின் அப்ஸரா மாறுநிலையை எட்டியபோதும், தத்துவம் இதுவேதான். கல்பாக்கத்துச் சோதனை உலை 1985 அக்டோபர் 18-ஆம் நாள் 22 கட்டுகளுடன் மாறுநிலையை அடைந்தது. எரிபொருள் நிறைந்திருந்த பகுதியின் பருமன் ஏறக்குறைய ஒரு தண்ணீர்க் குடத்தளவுதான். அந்தக் குடத்திலிருந்து பத்து மெகாவாட் வெப்பத்தை எடுக்கத்தக்க உலை அது! வேக உலையில் நியூட்ரானைத் தணிக்கக் கூடாதாகையால் தண்ணீருக்குப் பதில் உருகிய சோடியம் வெப்பத்தைச் சுமக்கிறது. கட்டுகளைச் சிறிது சிறிதாகக் கூட்டி, 2022 மார்ச்சில் அவ்வுலை முதலில் திட்டமிட்ட 40 மெகாவாட் வெப்பத் திறனை எட்டிற்று. முப்பத்தாறு ஆண்டுகள்! இத்தொழிலில் அவசரக்காரருக்கு இடமில்லை.

கணக்கில் வராத செலவு ஒன்று திடீரெனத் தலைகாட்டினால் என்ன ஆகும்? இதற்கு உலக வரலாற்றில் ஒரு புகழ்பெற்ற நிகழ்ச்சி உண்டு. 1944 செப்டம்பர் இறுதியில் அமெரிக்காவில் ஹான்ஃபோர்டு என்னுமிடத்தில் பேருலை ஒன்றை முதன்முதலாக ஓட்டினர். சில மணி நேரம் செவ்வையாக ஓடிற்று. பிறகு யாரும் தொடாமலே திறன் குறையத் தொடங்கிற்று. கழிகளை இழுத்துப் பார்த்தும் பயனில்லை. உலை அணைந்தே போயிற்று. மறுநாள் தானே உயிர் பெற்றது; மீண்டும் ஓட்டினால் மீண்டும் அதே கதை. தண்ணீர் எங்கேனும் கசிகிறதோ என்று பலரும் ஐயுற்றனர். ஜான் வீலர் என்னும் பௌதிகர் அணைந்த நேரத்தையும் உயிர்த்த நேரத்தையும் கொண்டு உண்மையை உய்த்துணர்ந்தார். பிளவில் பிறக்கும் அயோடின் 135, ஆறரை மணி நேர அரைவாழ்வில் ஸீனான் 135 ஆக மாறுகிறது. அந்த ஸீனானோ நியூட்ரானை விழுங்குவதில் அறியப்பட்ட பொருள்களுள் முதல்வரிசையில் நிற்பது. ஏறக்குறைய ஒன்பது மணி நேர அரைவாழ்வில் அது தானே மறைகிறது. உலை தன் நஞ்சைத் தானே சமைத்து உண்டு மயங்கிற்று. நஞ்சு தேய்ந்ததும் விழித்தது!

நல்லவேளையாக அந்த உலையைக் கட்டிய டுபாண்ட் நிறுவனத்துப் பொறியாளர்கள், பௌதிகர்கள் 1,500 குழாய் போதும் என்றிருக்க, மூலைகளையும் நிரப்பி 2,004 குழாய்களுக்கு இடம் விட்டிருந்தனர். அப்போது அதை வீண்செலவு என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. கூடுதல் குழாய்களில் எரிபொருளை நிரப்பியதும் நஞ்சை மீறி உலை ஓடிற்று. என்னைக் கேட்டால், பௌதிகம் படிக்கும் ஒவ்வொருவரும் இதைத் தம் மேசைமேல் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கணக்கு வல்லவர்களைக் காத்தது, கணக்கை முழுதும் நம்பாத ஒருவரின் முன்யோசனை.

அதே ஸீனான் 1986 ஏப்ரல் 26-ஆம் நாள் செர்னோபிலில் வேறு முகம் காட்டிற்று. திறன் மிகக் கீழே இறங்கி நஞ்சு கூடியிருந்த உலையை, ஏறக்குறைய எல்லாக் கழிகளையும் வெளியே இழுத்து வலிந்து ஓட்டினர். அந்த உலையில் தண்ணீர் ஆவியானால் பெருக்கெண் ஏறும். கழிகளின் முனையிலிருந்த கிராஃபைட்டோ, அவற்றை இறக்கத் தொடங்கிய கணத்தில் திறனைக் கூட்டியது. நான் முன்பு சொன்ன எல்லையை உலை தாண்டிற்று. அதன் பிறகு நடந்ததற்கு நொடிகளே போதுமாயிருந்தன. இரவுப் பணியிலிருந்தவர்களுக்கு அந்த உலையின் குறைகள் முழுதும் சொல்லப்படவில்லை என்பது பின்னர் வெளிவந்தது. கணக்கு தெரிந்தவர்கள் ஓர் ஊரில், மதகைத் திருகுகிறவர் இன்னோர் ஊரில் என்று இருந்தால் விளையும் கேடு அது.

இங்கே தந்தையார் மறுபடி குறுக்கிட்டார். “அலை வந்த அன்றைக்கு?” என்றார். அன்று கல்பாக்கத்தில் முதல் உலை குழாய்கள் மாற்றுவதற்காக முன்பே நிறுத்தப்பட்டிருந்தது, இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தது. கடல்நீர் பம்பு வீட்டுக்குள் புகுந்தது, பம்புகள் நின்றன, உலை நிறுத்தப்பட்டது. கதிரியக்கம் எதுவும் வெளியேறவில்லை. 2005 ஜனவரி தொடக்கத்தில் உலை மறுபடி இயங்கியது. ஆனால் அருகிலிருந்த ஊழியர் குடியிருப்பில் உயிர்ச்சேதம் நேர்ந்தது என்பதையும் அவரிடம் மறைக்கவில்லை.

நிறுத்தினால் எல்லாம் முடிந்துவிடுமா? இல்லை. நெல் அவிக்கும் அண்டாவின் அடியிலிருந்து விறகை இழுத்துவிட்டாலும் அண்டா உடனே ஆறிவிடுவதில்லை அல்லவா? உலையிலோ அதைவிடச் சிக்கல். தொடர்வினை நின்ற கணத்தில், பிளந்த துண்டுகளின் கதிரியக்கத்தால் முழு வெப்பத்தில் நூற்றுக்கு ஆறு ஏழு பங்கு தொடர்ந்து பிறக்கிறது. ஒரு மணி நேரத்தில் ஒன்றரைப் பங்கு. ஒரு நாள் கழித்து அரைப் பங்கு. 220 மெகாவாட் மின்சாரம் தரும் உலை அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் வெப்பத்தை உண்டாக்குவது; அதில் அரைப் பங்கு என்பதே சில ஆயிரம் கிலோவாட். அணைக்க முடியாத நெருப்பு இது. ஆற்ற மட்டுமே முடியும். 2011 மார்ச் 11-ஆம் நாள் ஜப்பானில் ஃபுகுஷிமாவின் உலைகள் நிலநடுக்கத்தின்போது ஒழுங்காக நின்றன. நியூட்ரான் கணக்கில் பிழையில்லை. பின்னர் வந்த அலை டீசல் மின்னாக்கிகளை மூழ்கடித்தது; ஆற்றுவதற்குத் தண்ணீர் தள்ள வழியில்லாமல் மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது. எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு வெப்பம் என்ற அட்டவணையைத் தருவது பௌதிகர். அந்த வெப்பத்தை எடுத்துச் செல்லும் பம்பும், பம்புக்கு மின்சாரமும், மின்னாக்கி நிற்கும் மேட்டின் உயரமும் அந்த அட்டவணையை நம்பி மற்றவர் செய்பவை. “கடல் எவ்வளவு உயரம் வரும் என்று யார் கணக்குப் போடுவது?” என்றார் அவர். அது வேறொருவர் வேலை; ஆனால் அதைத் திரும்பத் திரும்பக் கேட்கும் உரிமை உங்கள் மகனுக்கும் உண்டு என்றேன். அவர் தலையசைத்தார், முழுதும் ஒப்புக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் ஒப்புக்கொள்ளாததிலும் நியாயம் இருக்கிறது.

பௌதிகருக்குக் கல்பாக்கத்தில் இன்னும் பல வேலைகள் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் மோனஸைட் என்னும் கனிமம் கிடைக்கிறது. அதில் தோரியம் உண்டு. தோரியம் தானாகப் பிளக்காது. நியூட்ரானை உண்டு யுரேனியம் 233 ஆனால் பிளக்கும். அந்த 233-ஐ எரிபொருளாகக் கொண்ட காமினி என்னும் 30 கிலோவாட் சிற்றுலை 1996 அக்டோபர் 29-ஆம் நாள் அங்கே மாறுநிலையை எட்டியது. எக்ஸ்-கதிர் காட்டாத பொருள்களை நியூட்ரானால் படம்பிடிக்க அது உதவுகிறது. 500 மெகாவாட் வேக ஈனுலையின் கட்டுமானம் 2004-இல் தொடங்கியது. அதன் உலைப்பகுதியை நிரப்பும் பணி இருபது ஆண்டுகள் கழித்து 2024 மார்ச்சில்தான் தொடங்கிற்று. மாணவப் பருவத்தில் அந்த அறிவிப்பைப் படித்து உள்ளே சென்றவர்கள் அதற்குள் நரை கண்டிருப்பர்.

உள்ளே செல்வது எப்படி? டிராம்பேயில் 1957-இல் பயிற்சிப் பள்ளி ஒன்று நிறுவப்பட்டது. பௌதிகத்தில் முதுகலைப் பட்டமோ பொறியியல் பட்டமோ பெற்றவர்கள் தேர்வும் நேர்காணலும் கடந்து அதில் சேர்கின்றனர். ஓராண்டு பயிற்சி; அக்காலத்துக்கு உதவித்தொகையும் உண்டு. கல்பாக்கத்திலும் அத்தகைய பள்ளி நடக்கிறது. கணிதத்தில் பரவல் சமன்பாடுகளும் நிகழ்தகவும் கைவர வேண்டும். கணினிக்கு நிரல் எழுதத் தெரிய வேண்டும். முற்காலத்தில் மாதக்கணக்கில் கையால் போட்ட கணக்குகளை இன்று கணினி சில மணி நேரத்தில் போட்டுத் தருகிறது. ஆயினும் விடையைக் கண்டதும், “இது இருக்க முடியாதே!” என்று சொல்லும் உள்ளுணர்வு கணினிக்குக் கிடையாது. அதற்கு ஒரே வழி, தோராயமாக மனக்கணக்குப் போட்டுப் பழகுவதுதான். கடையில் கூட்டல் போடுவதற்குக்கூடக் கைபேசியை எடுப்பவரை நான் இந்த வேலைக்குச் சிபாரிசு செய்யமாட்டேன்.

அந்த மாணவன் முதுகலை படித்தான். முதல் முறை தேர்வில் தவறி, இரண்டாம் முறை தேறினான். பயிற்சிக்குப் புறப்படுமுன் தந்தையும் மகனும் மறுபடி வந்தார்கள். பொங்கலுக்கு ஊருக்கு வர விடுவார்களா என்று தந்தை கேட்டார். உலை பொங்கலன்றும் ஓடும். யாரேனும் ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும் என்றேன். அவர் சற்று யோசித்தார். “தண்ணீர் முறை நமக்கு நடுராத்திரியில் வந்தாலும் எழுந்து போகத்தானே வேண்டியிருக்கிறது” என்று சொல்லிவிட்டு, பையில் கொண்டுவந்திருந்த புது அரிசியை எடுத்துத் திண்ணைமேல் வைத்தார்.